படகா கஞ்சியா

ஞாயிற்றுக்கிழமை பகலில் மகள் தன் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டாள். மறுநாள் அலுவலகத்தில் ஏதோ விழாவாம், மடிப்பு விறைப்பாக நிற்க வேண்டுமாம். புடவையைக் கஞ்சித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பால்கனிக் கொடியில் விரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சென்னையில் அந்த நேரத்துக்குத்தான் கடல் காற்று கிளம்பும். நான் காபியோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். ஈரப் புடவை மெல்ல உப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கஞ்சி வாசனையும் காற்றும் சேர்ந்து முகத்தில் பட்டதும் காலடியில் தரை ஆடுவதுபோல் இருந்தது, எழுந்து நின்றுவிட்டேன். பிரஷர் என்று மகள் பயந்துபோவாள், அதனால் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் பெண் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் அம்மா கேட்டதெல்லாம் தறியைப் பற்றித்தான். "பொண்ணு தறியில உக்காருவாளா?" என்றார்கள். "உக்காந்தா எழுந்திருக்க மாட்டா" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். நீங்கள் மெட்ராஸில், துறைமுகத்துக்குப் பக்கத்து ஷெட் ஒன்றில், பணக்காரர்கள் பொழுதுபோக்காக ஓட்டும் படகுகளுக்குப் பாய் தைத்துக்கொண்டிருந்தீர்கள். கடல் காற்றில் கறுத்த முகத்தோடு சபையில் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"கோவம் வந்தா இன்னா பண்ணுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். "ஒண்ணும் பண்ண மாட்டேன். பேசாம அப்டியே நின்னுடுவேன்."

"எங்கியும் போயிட மாட்டீங்களே?"

"எங்க போறது?"

உங்கள் முகத்தில் அப்போது வந்த திருப்திக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. மாப்பிள்ளை கொஞ்சம் ஒரு மாதிரி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த எண்ணத்தைக் கல்யாணத்துக்கு முந்தின வாரமே ஊருக்கும் உறுதிப்படுத்திவிட்டீர்கள். எங்கள் தறியில் உட்காருவதாகச் சொல்லி, வேலையை விட்டுவிட்டுக் காலி லாரி ஒன்றில் ஏறி முள்ளிப்பட்டுக்கே வந்தீர்கள், கூடவே ஒரு படகு. பெயின்ட் உரிந்து, மூக்கு மழுங்கி, அகலமாக ஒரு மரப் படகு. "மாப்ள மாட்டுத் தொட்டி எடுத்தாந்துக்கிறாரு" என்று தெருவே வேடிக்கை பார்த்தது. உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஷெட்டின் பின்னால் ஓரங்கட்டிய படகுகள் இரண்டு கிடந்தனவாம். ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம் மேஸ்திரி. மற்றது அம்பு மாதிரி மெலிந்த நீலப் படகு என்று நீங்களே சொன்னீர்கள். அதை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்தீர்கள் என்று கல்யாணமான புதிதில் தறிக்குழியில் உட்கார்ந்தபடி கேட்டேன். ஊடை நூல் ஓடும் நாடாவை வீசுவதும் பேச்சுமாக அந்த மத்தியானம் முழுவதும் போனது. படகு வாங்க வருபவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். புதிதாக வருபவன் வேகத்தைக் கேட்பானாம். கொஞ்சம் பழகியவன் அழகைக் கேட்பானாம். குடும்பக்காரன் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பானாம். ஒரு முறையாவது நடுக்கடலில் தவறி விழுந்தவன் மட்டும் எதையும் கேட்க மாட்டானாம். படகைத் தண்ணீரில் இறக்கி, ஓடும்போது சுக்கானிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசாமல் பார்ப்பானாம்.

"கைய எடுத்தா அது தானா காத்தப் பாத்துத் திரும்பி நின்னுடணும். நம்மள உட்டுட்டு ஓடிடக் கூடாது. உழுந்தவன் வந்து ஏறுற வரைக்கும் நிக்கணும். அதான் படகு."

நாடா என் கையில் நின்றுவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று கேட்ட கேள்வி அப்போதுதான் புரிந்தது. "என்னயும் படகு பாக்கிற மாதிரிதான் பாத்தீங்களா?" என்றேன். "பின்ன?" என்றீர்கள். கோபப்பட வேண்டிய இடம்தான். வெட்கம்தான் வந்தது, என்ன செய்ய.

வெட்கம் போய் பயம் வர அதிக நாள் ஆகவில்லை. மேஸ்திரி தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்கு வந்தார். உங்கள் தோளில் கை போட்டு, "இன்னா தம்பி, ஆரணிக்கு எப்ப கடல் வரும்? வெயிட் பண்ணிகினு இருக்கியா? பேசாம கெளம்பி வா" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து உங்கள் கண் தறியில் இல்லை. அப்பாவுக்கு என்னை விட்டால் கூட உட்கார ஆள் கிடையாது. உங்களோடு நான் வந்தால் தறி நின்றுவிடும், வராவிட்டால் நீங்கள் மெட்ராஸில், நான் முள்ளிப்பட்டில். போகாதீர்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை. நின்றேன், என் வழக்கப்படி.

"ஏரி நெறஞ்சதும் ஒரு தடவ உன்ன ஏத்திகினு சுத்திட்டு வந்துடறேன். அப்புறம் போறதா இருக்கறதான்னு முடிவு பண்ணிக்கலாம்" என்றீர்கள். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து கோடி போயிற்று. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது, நான் ஒருத்தி மட்டும் வானத்தைத் திட்டினேன்.

படகுக்குப் பாய் இல்லை. ஆரணியில் பட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும், பாய் தைக்கிற கித்தான் கிடைக்குமா? மெல்லிய காடாத் துணியை வாங்கி நீங்களே தைத்தீர்கள். அப்பா அதைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது இன்னா மாப்ள, நூல் சவசவன்னு கெடக்குது. கஞ்சி போடாத துணி காத்துல நிக்குமா?" நீங்கள் தலையை ஆட்டிவிட்டீர்கள். பாய் தைத்தே பழகியவர், தண்ணீரில் போகிற துணிக்கு யாராவது கஞ்சி போடுவார்களா என்று உங்களுக்குத் தெரியாதா? புது மாப்பிள்ளை மாமனாரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான். விடியற்காலையில், தறிக்குப் பாவு நூல் இழுத்துக் கட்டுகிற அதே முளைகளில், தெரு நடுவில் உங்கள் பாயை இழுத்துக் கட்டி, அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பட்டு நூலுக்குப் போடுகிற பக்குவத்தில் கஞ்சி தடவினோம். வெயில் ஏறியதும் பாய் அப்பளமாக நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. அப்பாவுக்கு ஒரே பெருமை.

பிறகு நடந்ததை நான் கனவு மாதிரிதான் வைத்திருக்கிறேன். கரையில் நின்றவர்களின் சத்தம் சின்னதாகிக்கொண்டே வந்தது. விறைத்த பாய் காற்றை வாங்கியதும் மாட்டுத் தொட்டி என்று சிரிப்பை வாங்கிய அந்தப் படகு, யாரோ கீழேயிருந்து தாங்குவதைப்போல எழுந்து போனது. முங்கிய கருவேல மரங்களின் தலைக்கு மேலே போனோம். வரப்புகளுக்கு மேலே போனோம். கொக்குகள் எழாமல் அப்படியே உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. எனக்கு நீச்சல் தெரியாது, ஆனாலும் பயமில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தேன். இந்த மனிதர் போய்விடுவார், போவதுதான் நியாயம் என்று அப்போது தோன்றியது. அழுகை வந்தது. தூறலும் வந்தது, நல்ல வேளை.

தூறல் பட்டதும் பாயிலிருந்து பால் மாதிரி வடியத் தொடங்கியது. படகைச் சுற்றித் தண்ணீர் வெளுத்தது. கஞ்சி வாசனைக்குக் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்து வாயைப் பிளந்தன. என்ன ஆயிற்று என்று பார்க்க நீங்கள் எழுந்து நின்றீர்கள். மறு நிமிஷம் நீங்கள் இல்லை. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பலகையைப் பிடித்துக்கொண்டேன். படகு ஒரு வட்டம் போடுவதுபோல் இருந்தது. பிறகு அசைவே இல்லை.

கண்ணைத் திறந்தபோது படகு விளிம்பில் உங்கள் இரண்டு கை. தலையெல்லாம் பாசி. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள், "பாத்தியா, நின்னுடுச்சி."

"கஞ்சி போயிடுச்சிங்க. பாய் தொங்கிப் போய் நின்னுது."

"நீ கண்ண மூடினு இருந்த. உனக்கு இன்னா தெரியும்?"

"நீங்க தண்ணிக்குள்ள இருந்தீங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?"

கரைக்கு வந்து, தலை துவட்டி, சோறு தின்று முடித்துக் கை கழுவும்போது, "மேஸ்திரிக்கு வரலேன்னு சொல்லி அனுப்பிடறேன்" என்றீர்கள். அன்று சாயங்காலமே என் பக்கத்தில் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தீர்கள்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. படகு நின்றதைப் பார்த்துத் தங்கினீர்கள். அது நல்ல படகு என்பதால் நிற்காமல், கஞ்சி கரைந்து பாய் துவண்டதால் நின்றிருந்தால்? உங்கள் கடலை என் அப்பாவின் கஞ்சி அல்லவா பறித்திருக்கும்? இதைக் கேட்கத்தான் திரும்பத் திரும்பச் சண்டைக்கு வந்தேன். உங்களுக்கு அது வேடிக்கையாகப் போயிற்று. எண்பதுகளில் குழந்தைகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய் வந்த பிறகும் அது ஓயவில்லை. நான் கோபத்தில் பேசாமல் நின்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அம்மா காத்தப் பாத்துத் திரும்பிட்டா, யாரும் கிட்ட போவாதீங்க, நான் ஏறிக்கறேன்" என்பீர்கள். கடைசியில் ஆஸ்பத்திரியிலும் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாவது ஒத்துக்கோயேன்" என்றீர்கள். "கஞ்சிதான்" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. கஞ்சியாகவே இருந்தாலும் நீங்கள் தங்கியிருப்பீர்கள். இது தெரிந்த பிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால் நமக்குள் பேச எதுவும் மிச்சமிருக்காது.

புடவை காய்ந்துவிட்டது. மகள் எடுக்க வந்தவள், "ஏம்மா இங்கயே நின்னுகினு இருக்க? உள்ள வா" என்கிறாள். காற்று முகத்துக்கு நேராக வருகிறது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

கஞ்சிதாங்க. இல்லேன்னா வந்து சொல்லுங்க.