மதி பேசிட்டாக்கா

என் ஆசை முத்தக்காவுக்கு,

உன் மகள் மதி இந்த ஜூனில் ஒண்ணாம் வகுப்புக்குப் போகிறாள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உனக்குப் பாதிதான் விளங்கும்.

நீ காய்ச்சலில் கண்ணை மூடியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அத்தான் ஜீப் ஓட்டப் போகணும். அதனால் அவளை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற நம்ம அம்மா வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டேன். ரெண்டு வயசு தாண்டியும் பேச்சு வரவில்லை. "எனக்கும் நாலு வயசுலதான் வந்துச்சாம், விடு வள்ளி" என்றார் அத்தான். கதவை அறைந்தால் திரும்புகிறாளே, காதில் குறையிருக்காது என்று எல்லாரும் நம்பினோம்.

அந்த வருசம்தான் கம்யூனிட்டி காலேஜில் குழந்தை வளர்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்தேன். படித்து முடித்தால், எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷ்ஷில் வேலை கிடைக்கும் என்றார்கள். மதியை இடுப்பில் வைத்துக்கொண்டே தேவிகுளம் பஸ் ஏறுவேன். பாடமெல்லாம் மலையாளம். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு முதல் மாசம் தலையும் புரியலை, வாலும் புரியலை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்தானே?

ஒருநாள் டீச்சர், பிள்ளை சத்தத்துக்குத் திரும்புகிறதா, தரை அதிர்வதற்குத் திரும்புகிறதா என்று பிரித்துப் பார்க்கணும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, நிழல்கூட விழாமல், "மதி" என்றேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தானும் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கே கோட்டயம் போவோம். ஜீப்பை எடுக்கிறேன்" என்றார்.

ரெண்டு காதிலும் கேட்பது ரொம்பக் குறைவு, மெஷின் வைத்தால் கேட்கும், பேச்சும் வரும் என்றார் டாக்டர். மெஷினை மாட்டியதும் மதி என் வாயையே பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி என் உதட்டைத் தொட்டாள். அக்கா, அந்த நேரம் நீ எங்கே இருந்தாய்?

அதற்குப் பிறகு விடவேயில்லை. சோறு ஊட்டும்போதும் தலை சீவும்போதும், உன் பேரையும் சொல்லிச் சொல்லி, பேசிக்கொண்டே இருந்தேன். முதலில் 'அம்மா' என்பாள், இல்லை 'அப்பா' என்பாள் என்று அத்தானும் நானும் காத்திருந்தோம். ஒரு காலையில் உப்புமாவைத் தள்ளிவிட்டு, "வேணாம்!" என்றாள். லயமே வாசலில் கூடிவிட்டது. அத்தான் கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப நீட்டினார், அவள் சொல்வதைக் கேட்பதற்காகவே. கடைசியில் அவளுக்குக் கோபம் வந்து கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

நானும் பாஸாகிவிட்டேன், பரீட்சையை மலையாளத்திலேயே எழுதி! இப்போது கிரஷ்ஷில் பிள்ளைகளெல்லாம் என்னை டீச்சர் என்கிறார்கள்.

நேற்று ஸ்கூலில் சேர்க்கப் போனோம். பேர் கேட்டார்கள், சொன்னாள். "அம்மா பேரு?" என்றார் அங்கிருந்த டீச்சர். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள், தெளிவாக, கொஞ்சம் நிறுத்தி, "முத்து... லட்சுமி" என்றாள் உன் மகள்.

இனி அவள் உன்னைப் பற்றி என்ன கேட்டாலும் நான் பதில் சொல்வேன் அக்கா. நீ எப்படிச் சிரிப்பாய், எதற்குக் கோபப்படுவாய், ஒன்றையும் விடமாட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

உன் தங்கச்சி,
மதியின் சித்தி,
வள்ளி