குடைக்குள் இருவர்

ஆம்பூர்
12.9.1934

அன்புத் தம்பி நயீம் அகமதுவுக்கு அக்கா ஜஹீருன்னிசாவின் சலாமும் துஆவும்.

இங்கே எல்லாரும் சுகம். நீ சொல்லாமல் கப்பலேறி ஜப்பான் போன நாள் முதல் அத்தாவின் கோபமும் சுகமாகத்தான் இருந்தது, போன வியாழன் வரைக்கும். இரண்டு வருஷமாகப் பெற்ற மகன் உன் பெயரை எடுக்காதவர். ரமலானுக்கு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பற்றிச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது.

என்ன படம்டா அது! மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாக, காகிதத்தின் முதுகைத் தேய்த்து ஒற்றி எடுத்தது என்று நீ எழுதியதை நான் முதலில் நம்பவே இல்லை. பக்கத்து வீட்டு அன்னம்மாள் டீச்சரும் நானும் ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தோம். பாலத்தின் மேல் ஒரே குடைக்குள் இருவர், மழைக்கோடு ஒவ்வொன்றும் மயிரிழைதான். பாலத்துக்குக் கீழே ஆற்று நீலம் எந்த இடத்தில் வெளுக்கிறது என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. ஓரத்து ஜப்பான் பாட்டை நீ கடிதத்தில் தமிழாக்கி எழுதியிருந்தாயே, அதை டீச்சர் உரக்கப் படித்தாள்; படத்தில் பெய்கிற மழை பாட்டில் விட்டிருந்தது.

மழை விட்டு நேரமாயிற்று.
குடைக்குள் இருவர்.
மடக்கச் சொல்ல யாருக்கும் மனமில்லை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

காகிதம் சுருண்டுகொண்டே இருந்ததால், மாதிரி ஆட்டுத்தோல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். தோல் வியாபாரம் செய்யும் நம் வீட்டுப் புத்தி வேறெங்கே போகும்? பிறகு மறந்தே போனேன். வியாழனன்று அத்தா அந்தத் தோல்களைத் தரம் பிரிக்க உட்கார்ந்தார். படம் அவர் கைக்கு வந்தது, குப்புற. உருவப்படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவர் ஆயிற்றே, எனக்கு உயிரே போய்விட்டது. அவரோ தோலின் உள்பக்கத்தைப் பார்ப்பது போலவே கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "யாரு கைவேலைம்மா இது? தேய்ச்சதுல ஒரு எடத்துலகூட ஜாஸ்தி கம்மி இல்லியே" என்றார். நீ அனுப்பியது என்றேன்.

மெல்லத் திருப்பிப் பார்த்தார். பாட்டைப் படிக்கச் சொன்னார். இன்னொரு முறையும் படிக்கச் சொன்னார். படத்தைக் கீழே வைக்காமலே, "அங்க மழை ஜாஸ்தியா? அவன்கிட்ட குடை இருக்குதா?" என்று கேட்டார்.

அதுதான் உனக்குப் பதில். 'வா' என்று அவர் எழுதுவார் என்று காத்திருக்காதே, அது அவர் வாயில் வராது. ரமலான் பிறைக்கு முன்னால் அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வரும்போது ஒரு குடை வாங்கி வா. இரண்டு பேர் நிற்கும்படி பெரியதாகப் பார்த்து வாங்கு.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா ஜஹீருன்னிசா