தட்டைத் திருப்பியவள்

மார்ச் 4

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. எங்கள் நலம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அதை இப்படி ஆக்கியது நீதானே.

சொன்னபடியே செய்துவிட்டாய். நேற்று லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. பரிசோதனை முடியும்வரை உன் அத்தான் எந்த வண்டியையும் ஓட்டக்கூடாதாம். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. காலையில் வேன் சாவியை வாங்கிக்கொண்டு போக மேனேஜரே வந்துவிட்டார். பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன், கொக்கியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கவாதம் வந்து இரண்டே மாதத்தில் கையும் காலும் பழையபடி ஆகி, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா? போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வந்தாயே, அன்றைக்கு நீ சாப்பிட வந்தாயா, சோதிக்க வந்தாயா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்கள். அதை என் கூடப் பிறந்தவளிடமே பார்க்க வேண்டியதாயிற்று.

பதில் எழுதினால் எழுது. படிப்பேன் என்று மட்டும் நம்பாதே.

அக்கா

மார்ச் 9

அக்கா,

திட்டு. ஆனால் நடந்ததை நடந்தபடி வைத்துக்கொண்டு திட்டு.

அன்று அத்தானின் தட்டில் இடது பாதி அப்படியே இருந்தது. காய் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் சோறும் நடுவில் கோடு கிழித்தது போல நின்றிருந்தது. கண்ணில் கோளாறோ என்று யோசித்தேன். கண் டாக்டர் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார் என்று நீயே சொல்லியிருந்தாய். அவர் முகத்தைப் பார்த்தேன். வலது கன்னம் மழமழவென்று இருந்தது, இடது கன்னத்தில் மூன்று நாள் தாடி. தண்ணீர் எடுக்க எழுந்தவர் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். இடித்ததற்கு ஒரு 'ச்' கூடக் கொட்டவில்லை. இதெல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகுதான் அவர் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தேன். "அட, இன்னும் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே மிச்சத்தைச் சாப்பிட்டார்.

அவர் கண் பார்க்கிறது அக்கா, மூளைதான் இடது பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை. அப்படி ஒரு பக்கம் விட்டுப்போகிறது என்பதே அவருக்குத் தெரியாது. வேனில் பதினான்கு குழந்தைகள். அவர்கள் ஏறி இறங்குவது எந்தப் பக்கம்?

சொல்லாமலா செய்தேன்? பாத்திரம் கழுவும்போதே சொன்னேன், நீ குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாய். அத்தானிடம் வாசலில் சொன்னேன். "வைத்தியம் பாக்குற புள்ளைக்கு எல்லாருமே நோயாளிதான்" என்றார். போனில் சொன்னேன், பாதியில் வைத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவுத் தலைவியிடம் ஆள் யாரென்று சொல்லாமல் யோசனை கேட்டேன். "முதல்ல அவர்கிட்ட சொல்லு, குடும்பத்துக்கிட்ட சொல்லு, கொஞ்ச நாள் குடு. அதுக்கப்புறமும் ஓட்டினா நீ வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது" என்றார். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். வேன் வழக்கம்போல வந்துவிட்டது என்றார்கள். அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

முன்பின் தெரியாத ஒரு டிரைவர் என்றால், நல்லதுதானே செய்தாய் என்று நீயே சொல்லியிருப்பாய்.

தங்கை

மார்ச் 15

சின்னவளுக்கு,

உனக்கு ஒரு வேளைச் சாப்பாட்டில் தெரிந்தது, கூடவே கிடக்கிற எனக்குத் தெரியாமல் இருக்குமா? உனக்கு முன்னாலேயே தெரியும்.

அவர் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளிலிருந்து நானும் வேனில் போனேன். குழந்தைகளை ஏற்றி இறக்க ஒத்தாசை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். அவருக்கு இடப்புறம் உட்கார்ந்து, "சைக்கிள் வருது", "ஓரமா ஒரு அம்மா நிக்கிறாங்க" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். வரவர வாய் ஓயவில்லை உனக்கு என்று சிரிப்பார். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை இறங்கி, இடது சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பென்சில் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவர் வண்டியை எடுத்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்து "நிறுத்துங்க" என்று நான் போட்ட சத்தத்தில்தான் நின்றது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து எனக்குக் கையாட்டிவிட்டுப் போனது. மறுநாளும் வேனில் ஏறினேன்.

நான் கெட்டவள் என்றே வைத்துக்கொள். நீ யார்? உன் படிப்புக்குப் பெயரே தொழில்வழிச் சிகிச்சை. நோயில் விழுந்தவரை அவரவர் அன்றாடம் செய்கிற காரியத்துக்குத் திரும்பக் கொண்டுவருவதுதான் எங்கள் வேலை என்று சேர்ந்த புதிதில் எத்தனை பெருமையாகச் சொன்னாய். தொழிலைப் பிடுங்கிவிட்டாய், சிகிச்சை எங்கே? ஒரு கடிதம் எழுதி மனச்சாட்சியைக் கழுவிக்கொண்டு போய்விட்டாய். இங்கே ஒருத்தர் காலை ஐந்து மணிக்கே எழுந்து, யூனிபாரம் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவரை என்ன செய்வது என்று உன் புத்தகத்தில் போட்டிருக்கிறதா?

அக்கா

மார்ச் 19

அக்கா,

பென்சில் பொறுக்கிய குழந்தையைப் பற்றிப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் போல வந்தது. மறுநாளும் நீ வேனில் ஏறினாயாம். உன்னை என்னவென்று சொல்வது. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

ஆனால் நீ கேட்ட கேள்வி நியாயமானது. அலுவலகத்துக்கு எழுதியது சரி, நூறு முறை கேட்டாலும் சரி. எழுதியதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்று இருந்தேன் பார், அது தப்பு. வேறு யாராவது என்றால், வண்டி வேண்டாம் என்று சொல்லும்போதே, அந்த இடத்தில் வேறு எதை வைப்பது என்றும் உட்கார்ந்து யோசித்திருப்பேன். உங்கள் இரண்டு பேர்மேலும் ஆத்திரமாக இருந்தது, யோசிக்கவில்லை. தட்டைத் திருப்பியதும் தப்புதான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், விளையாட்டுப் போலச் சோதித்தேன்.

நான் அவருக்குச் சிகிச்சை செய்ய மாட்டேன். சொந்தம் என்று வந்தால் தராசு ஒரு பக்கம் சாயும். எங்கள் பிரிவில் மீசைக்காரர் என்று ஒருவர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அத்தானைப் பார்க்க ஒப்புக்கொண்டார். அதுவரை ஒன்று செய். பேசும்போதெல்லாம் அவருடைய இடது பக்கம் நின்று பேசு. அவர் தலை திரும்பும்வரை காத்திரு. அவருக்குப் பதிலாக நீ பார்க்காதே.

தங்கை

ஜூன் 2

சின்னவளுக்கு,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இனி அவர் வண்டி ஓட்ட முடியாது. நீ சொன்னதுதான்.

மீசைக்காரர் நல்ல மனுஷன். முதல் நாள் சோதனை என்று எதையும் நீட்டவில்லை. "வேலை நாள்ல எது இல்லாம உங்களால இருக்க முடியாது?" என்று கேட்டார். வண்டி ஓட்டுவது என்று சொல்லப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து பாப்பேன் சார். அது" என்றார். மீசைக்காரர் பள்ளிக்கூடத்துக்கே போய் மேனேஜரிடம் பேசினார். இப்போது மூன்று வேன்களுக்கும் டயர், விளக்கு எல்லாம் பார்த்து அனுப்புவது இவர்தான். ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும், நின்று பார்ப்பவருக்கு இடது மூலையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது, கண் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்ததைப் பார்க்க வேண்டும். அந்தந்த டிரைவரும் பின்னாலேயே வந்து மறுபடி பார்க்கிறார்கள். அது இவருக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுக்கிறார். ஆனால் போகிறார்.

எழுதிப் போட்டது நீ என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அவளை வரச் சொல்லேன்" என்றார்.

நான்தான் சொல்லாமல் இருக்கிறேன். அவரைக் கோபிக்க முடியாது, அவர் என்ன செய்வார். நோயைத் திட்டினால் அதற்குக் காது இல்லை. என்னையே திட்டிக்கொண்டால் படுத்துவிடுவேன், காலையில் அவரை அனுப்பி வைக்க ஆள் வேண்டும். அதனால் எல்லாக் கோபத்தையும் உன்மேல் இறக்கி வைத்திருக்கிறேன். நீ செய்தது சரி என்று தெரிந்துதான் வைத்திருக்கிறேன். நீ தாங்குவாய்.

அது தீரட்டும், நானே எழுதுகிறேன். அதுவரை வராதே.

அக்கா