ஆலங்குடாவில் கைவிட்ட கயிறு

ஆலங்குடா

அன்பான பூரணத்துக்கு,

நீயும் மகள் மயூரதியும் சுகமாயிருக்க உடப்புத் திரௌபதை அம்மனை வேண்டுகிறேன். நானும் நல்ல சுகம். மறியலில், சிறைக்குள், கிடந்த ஏழு வருடத்தில் படித்த எழுத்தை வைத்து, யாரையும் கெஞ்சாமல் இதை நானே எழுதுகிறேன். எத்தனை சந்தோஷம்! மகளின் மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் செத்துவிட்டேன் என்று சொன்னாயாம். கோபமில்லை.

நேற்றுக் கடற்கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது ஒரு வேடிக்கை. ஒருவன் என்னைக் காட்டி, "இந்தக் கிழவன் மறியலால வந்த ஆளாம்டா" என்றான். வலையின் இரண்டு கயிற்றில் நான் பிடித்திருந்த கயிற்றை மற்ற எல்லோரும் விட்டுவிட்டார்கள். நான் தனியே பிடித்துக்கொண்டு நின்றேன். வலை ஒரு பக்கம் சரிந்து, வந்த மீனெல்லாம் கடலுக்கே போய்விட்டது.

"இப்ப ஆருக்கு நட்டம்? அவருக்கு மட்டுமாடா? எல்லாரும் வெறுஞ்சட்டியோட ஊட்டுக்குப் போங்க!" என்று வலை முதலாளி பதியுதீன் நானா ஏசினார். இன்று அவர்களே வந்து என்னோடு இழுத்தார்கள்.

கயிறு அறுத்த உள்ளங்கைக் காயத்துக்குப் பூச, நீ காய்ச்சும் எண்ணெயில் கொஞ்சம் பஸ்ஸில் அனுப்பு. கல்யாணத்துக்கு வரமாட்டேன், பயப்படாதே. கார்டில் என் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருந்தாலும் எனக்கு ஒன்று அனுப்பு.

வலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் கந்தவனம்