மூன்று விரல் நுழையாத வாய்

அப்பா,

இன்று காலை சுங்குவார்சத்திரத்தில் ஷேர் ஆட்டோ ஏறியதும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. புகையிலையும் சுண்ணாம்பும் ஏதோ மலிவான சென்ட்டும் கலந்த வாசனை. ஓட்டுநர் கீழுதட்டுக்குள் அதக்கி வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் கையை மட்டும் ஆட்டி எல்லோரையும் ஏற்றினார். இறங்கும்வரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. நீ அதை ஒருநாளும் வாயில் போட்டதில்லை. ஆனால் உன் சட்டை முழுக்க அதுதான். சின்ன வயதில் அது உன்னுடைய வாசனை என்றே நினைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டி உன் கடை. டீ, பன், வாழைப்பழம். கல்லாவுக்குக் கீழே, பிஸ்கட் டப்பாவுக்குள் அந்தப் புகையிலைப் பொட்டலங்கள். நம் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது, 'அது' என்போம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் கண்ணைக் காட்டினால் போதும், நீ எடுத்து நீட்டுவாய். "நாளெல்லாம் லைன்ல நின்னுகினே வேலை செய்றானுங்கம்மா. தூக்கம் வராம இருக்கக் கேக்குறானுங்க. நான் இன்னா பண்றது?" என்பாய். தடை செய்த சரக்கு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் டிப்ளமோ முடித்தது அதன் வருமானத்தில்தான்.

ஒரகடத்தில் எனக்கு வேலை கிடைத்த பிறகு, கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தி கூப்பிட்டுத்தான் சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும், அதற்கு முதலில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வாரம் ரத்தசோகை, ஒரு வாரம் மாதவிடாய், ஒரு வாரம் தூக்கம். பிள்ளைகள் என்னை 'ஹெல்த் அக்கா' என்றார்கள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு ஸ்கூல்ல போயி கிளாஸ் எடுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

புகையிலை பற்றிய வகுப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒருநாள் எடுத்தேன். வாயை அகலத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே விடச் சொன்னேன். நுழையவில்லை என்றால் புகையிலையால் வாய் இறுகத் தொடங்கியிருக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வகுப்பே சிரித்தது. எச்சில் ஒழுக ஒழுக ஒருவரையொருவர் காட்டிக்கொண்டார்கள். முத்து மட்டும் சிரிக்கவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன். இரண்டு விரலுக்கு மேல் அவன் வாயில் நுழையவில்லை. மூன்றாவதைத் திணிக்கப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது.

"எவ்ளோ நாளா போடுற?" என்று குனிந்து மெதுவாகக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவன்தான் சொன்னான். "ஆறாவதுல இருந்துக்கா. உங்க அப்பா கடையிலதான் வாங்குறான்."

அவன் குத்திக்காட்டவில்லை அப்பா. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். புண்ணாய்ப் போன வாய்களின் படங்களை இன்னும் கையில் பிடித்திருந்தேன். "ஆமா, எங்க அப்பா கடைதான்" என்றேன். காதெல்லாம் எரிந்தது. மீதி வகுப்பைக் கரும்பலகையைப் பார்த்தே முடித்தேன்.

நேராகக் கடைக்கு வந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே, "இன்னாப்பா, ஸ்கூல் பசங்களுக்குமா விக்கிற?" என்று கத்தினேன்.

"சேச்சே, யூனிபார்ம் போட்டுகினு வந்தா நான் குடுக்கவே மாட்டம்மா."

"முத்துக்குக் குடுத்திருக்கியே."

"அந்தப் பையனா? ரூம்ல இருக்குற அண்ணனுங்களுக்குன்னு சொல்லி வாங்கிகினு போவான்..." பேசிக்கொண்டே வந்த நீ பாதியில் நிறுத்திவிட்டாய். மூன்று விரல் விஷயத்தைச் சொன்னேன். நீ உன் வாய்க்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்தாய். சுலபமாக நுழைந்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நாம் இரண்டு பேருமே அடுப்பை அணைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முத்துவின் அம்மாவைப் பார்க்கப் போனோம். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பையனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மட்டும் சொல்வோம் என்று வழியெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ வாசலிலேயே, "நாந்தாம்மா வித்தேன்" என்றாய்.

"ஏன்யா, அவன் மூஞ்சியப் பாத்தாலே சின்னப் பயன்னு தெரியலியா ஒமக்கு? ஒம்ம புள்ளைக்குன்னா இத குடுப்பீரா?"

வரிசையாக இருந்த வாடகை அறைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என் கம்பெனி ஐடி கார்டு போட்ட இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நீ தலையைக் குனிந்து நின்றாய். நான் மெதுவாகப் பின்வாங்கி, யாரோ வழியில் போகிறவளைப் போல எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். நீ ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். கூப்பிடவில்லை.

அந்தப் பிஸ்கட் டப்பாவை நீ சாக்கடையில் கொட்டியது அன்றைக்குத்தான். 'அது' இல்லை என்றதும் பாதிப் பேர் டீக்கும் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். முத்துவின் அம்மாவுக்கு லீவு கிடைக்காத நாட்களில் நீதான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். கன்னத்துக்குள் ஊசி போடும்போது அவன் உன் கையை இறுக்குவானாம். "நகம் பதிஞ்சிருக்கு பாரு" என்று ஒருநாள் காட்டினாய். நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அந்த மாதங்களில் நான் உன்னோடு அளந்துதான் பேசினேன். பள்ளிக்குப் போகிறபோது உன் கடையைத் தாண்டாமல் பின்தெரு வழியாகச் சுற்றிப் போனேன். நீ திருந்திக்கொண்டிருந்தாய், நான் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் கடையிலேயே உன் இதயம் நின்றுபோனது. ஷிஃப்டில் இருந்தேன். போன் லாக்கரில் இருந்தது. நான் வருவதற்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது முத்துவின் அம்மாவும் பக்கத்து அறைப் பையன்களும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நீ இல்லை.

முத்து இப்போது விட்டுவிட்டான். வாய் கொஞ்சம் திறக்கிறது. முழுதாகத் திறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரமாக எதையும் அவனால் தின்ன முடியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் இன்னும் கோபம் வருகிறது அப்பா. அதையும் மறைக்க மாட்டேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். புகையிலை வகுப்பை "எங்க அப்பா இத வித்தாரு" என்றே தொடங்குகிறேன். ஒவ்வொரு வருஷமும் காது எரிகிறது, பழகவில்லை. இன்று வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் எல்லோரும் போகும்வரை காத்திருந்தாள். "எங்கப்பாவும் கடை வெச்சிருக்காருக்கா. அவரும் விக்கிறாரு. நான் இன்னா செய்யட்டும்?" என்றாள்.

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. "தனியா இருக்கும்போது சொல்லு" என்றேன். பிறகு, "நாலு பேரு அவரத் திட்டுனா, நீ தள்ளிப் போயிடாத. பக்கத்துலயே நில்லு" என்றேன்.

"நீங்க நின்னீங்களாக்கா?"

"இல்லம்மா" என்றேன்.