ஆளுக்கொரு துணித்துண்டு

மாசி 5, திங்கள்
பனி. ஜெனரேட்டர் மூன்று இழுப்புக்கும் அசையவில்லை. கார்பரேட்டருக்கு ஒரு மூடி பெற்றோல் காட்டிய பிறகுதான் மண்ணெண்ணெயில் ஓடியது.
தர்மபுரம் கணினி வகுப்புக்குத் தமிழில் கைநூல். ஒரே நிரலுக்குள் இரண்டு இழைகள், அதாவது இரண்டு வேலைகள், சேர்ந்து ஓடும்போது எந்தச் செயற்கூறை நம்பிக் கூப்பிடலாம், எதை நம்பக்கூடாது. நானும் ஜெசிந்தாவும் எழுதுகிறோம். பாதி மிச்சம். அவளுக்கு வன்னியை விட்டு வவுனியா போகப் பாஸ் வந்துவிட்டது. ஞாயிறு பயணம், பிறகு கனடா மாப்பிள்ளை. அதற்குள் முடியுமா? முடியாதென்று தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

மாசி 6
strtok. நீள வரியைச் சொல் சொல்லாக வெட்டித் தருவது. இரண்டு இழையில் ஓட்டினேன், பிழையே இல்லை. "பயமில்லை" என்று எழுதினேன். ஜெசிந்தா அதைக் கோடிட்டு அடித்துவிட்டாள்.
"சின்ன வரிதானே குடுத்தனி. ஒண்டு முடிஞ்ச பிறகுதான் மற்றது தொடங்கியிருக்கும்."
கோபம். போகிற நேரத்திலும் திருத்தம். மத்தியானம் தனித்தனியாகச் சாப்பாடு.

மாசி 7
நீளமாகக் கொடுத்தோம். ஒரு இழைக்கு அவளுடைய செபம், மற்றதற்கு என் தேவாரம். திரையில் சிவனுக்குப் பக்கத்தில் மாதா. சிரித்து வயிறு நோ.
யாழ்ப்பாணத்தில் படித்த காலம் ஞாபகம். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரே புத்தகம். அவள் பக்கம் புரட்டினால் நான் விட்ட இடம் போய்விடும். ஒவ்வொரு நாளும் சண்டை. அந்தச் சண்டை திரும்ப வேண்டும்போல இருக்கிறது.
பிள்ளைகளுக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது? முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி ஜெசிந்தா சொன்னாள்:
"அப்பாவும் சித்தப்பாவும் கிழிஞ்ச ஒரே வலையைப் பொத்தேக்க, விட்ட இடத்தில ஆளுக்கொரு துணி முடிவினம். ரெண்டு பேருக்கும் ஒரு துணியெண்டா, ஒராள் மாத்திக் கட்ட மற்றாளுக்கு இடம் தெரியாது. strtok-இட்ட ஒரு துணிதான் இருக்கு."
அப்படியே எழுதினேன். கீழே: strtok_r கூப்பிடவும். அதற்கு அவரவர் துணியை அவரவர் கொடுக்கலாம்.

மாசி 8, 9
நெல் வெட்டு, வகுப்பு இல்லை. மண்ணெண்ணெயும் இல்லை. ஒரு பக்கம்கூட நகரவில்லை.

மாசி 11, ஞாயிறு
வெயில். அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போய் பஸ்ஸில் விட்டேன். சொல்ல எவ்வளவோ இருந்தும், ஜெனரேட்டர் பிளக்கைத் துடைப்பது பற்றித்தான் கதைத்தோம்.
வகுப்புக் கொட்டிலுக்கு வந்து கைநூலைத் திறந்தேன். அவள் நிறுத்திய பக்கத்தின் கோப்புத் துளையில் சிவப்புத் துணித்துண்டு, வலைக்காரர் முடிச்சு. அவளுடைய பழைய சட்டைத் துணி.
அழுதேன். அவிழ்க்கவில்லை.
என் சீலைத் தலைப்பில் கொஞ்சம் கிழித்து அதே துளையில் என்னுடையதையும் முடிந்தேன். இனி என்னுடையது மட்டும் நகரும்.
அடுத்தது localtime, நேரம் சொல்லும் செயற்கூறு. அதையும் நம்பக்கூடாது.