கல்யாண எழுத்தில் உன் பெயர்

புது பிளெக்ஸைப் பிரிக்கும்போது வரும் நெடி உனக்கு ஆகாது. மூக்கைப் பொத்திக்கொள்வாய். இன்று எருமப்பட்டி பிளெக்ஸ் கடையில் அதே நெடி. உன் முதலாண்டு நினைவு பேனருக்காக உன் அப்பாவோடு போயிருந்தேன்.

பள்ளிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நம் இருவருக்கும் ஒரே வேலைதான், வழியில் தெரியும் பலகைகளைத் திட்டுவது. கையால் எழுதியதுபோல நெளிந்து, வால் விட்டு, கொக்கி போட்டு நிற்கும் எழுத்துருவுக்கு நீ வைத்த பெயர் 'கல்யாண எழுத்து'. பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மட்டும் அதை அனுமதித்தாய். கையில் வைத்து நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு அது அழகுதான் என்பாய். கோழித்தீவனக் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் போர்வெல் லாரிக்கும் அதையே ஒட்டியவர்களை நீ மன்னித்ததே இல்லை. "பஸ்ஸுல போறவன் படிக்கோணும் புள்ள. இல்லீனா அது எழுத்தில்ல, கோலம்."

காய்ச்சலில் நீ போனபோது கடைக்காரர் உனக்கும் அதையே போட்டார். உன் வீட்டில் இருந்த ஒரே பெரிய படம், நீ வயதுக்கு வந்தபோது நடந்த சீருக்குப் பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக எடுத்தது. அதன் கீழே தங்க நிறத்தில் உன் பெயர். 'கண்ணீர் அஞ்சலி' என்பதுகூடப் பூங்கொடியாய்ச் சுருண்டு கிடந்தது. பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த அந்தப் பேனரை, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே நின்ற உன் அப்பாவிடமே சிரித்தபடி கேட்டார். "கண்ணாலம் என்னைக்குங்க?"

உன் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இன்றும் கடைக்காரர் கணினியில் அதையே திறந்தார். இதுதான் இப்போது ஓடுகிறதாம், பாப்பாவுக்கு அழகாக இருக்குமாம். காதுகுத்துக்கும் சாவுக்கும் ஒரே எழுத்தை எடுக்கிறவருக்கு அழகைப் பற்றி என்ன தெரியும்? அது வெறும் சோம்பல், தங்க முலாம் பூசிய சோம்பல். வெள்ளையில் கறுப்பாக, தடித்த நேரான எழுத்து வேண்டும் என்றேன்.

"ரேசன் கடை போர்டாட்ட இருக்கும் சாமி," என்று சிரித்தார்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். முடிவு அவருடையது. அவர் வாசல்வரை பின்னால் நடந்துபோய், அங்கிருந்து கண்ணைச் சுருக்கித் திரையில் உன் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

"இங்கிருந்தே தெரியுதுங்க. இதையே போடுங்க."

இன்று மாலையே அதே நிறுத்தத்தில் பேனரைக் கட்டிவிட்டார்கள். நான் வந்த பஸ் அங்கே நின்றபோது, முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா உன் பெயரை ஒரே பார்வையில் படித்து 'உச்' கொட்டினார். கல்யாணமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த திருப்பத்தில் ஒரு பேக்கரிப் பலகை, வாலும் கொக்கியுமாக.

"கோலம்," என்றேன், உன் இருக்கையைப் பார்த்து.